சாந்தாமணி அக்கா மாற்றிக் கொடுத்த குரல்

அந்த நேரத்தில் என் மகள் நந்தினி கூப்பிடமாட்டாள். அவளுக்கு வகுப்பு நடக்கும் நேரம். நான் எஸ்டேட்டின் மேல்காட்டில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் வராது. மேல்காட்டில் காற்று அடிக்கிற பக்கம் மட்டும் கொஞ்சம் வரும். இடுப்பில் ஃபோன் அடித்ததும், கையில் இருந்த கொழுந்தோடே எடுத்துக் காதில் வைத்தேன். "அம்மா, சாந்தாம்மா இறந்துட்டாங்கம்மா. காலையில பால் கறந்துட்டு எந்திரிச்சவங்க அப்படியே சாஞ்சுட்டாங்களாம்" என்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அது கீர்த்தனா. சாந்தாமணி அக்காவின் ஒரே மகள். கோயமுத்தூர் ஹாஸ்டலில் என் மகளோடு ஒரே அறையில் இருப்பவள்.

"நேத்துப் பேசினேனே" என்றேன். செத்துப்போனவர்கள் நேற்றுப் பேசியிருக்கக் கூடாது என்று ஏதோ சட்டம் இருப்பது போல அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சத்தியமங்கலத்துப் பக்கம் அக்காவைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். மஞ்சள் காட்டிலும், பால் ஊற்ற வரும்போதும், மாரியம்மன் நோம்பியிலும் நீங்கள் அவர்களை நேரில் பார்த்தவர்கள். நான் நேரில் பார்த்தது ஒரே தடவைதான். மற்றதெல்லாம் குரல். ஆகவே நான் சொல்லும் சாந்தாமணி உங்களுக்குத் தெரிந்த சாந்தாமணியாக இல்லாமலும் போகலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்த்தது, பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்ட அன்றைக்கு. வால்பாறையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, வளைவுகளில் நந்தினி வாந்தி எடுத்து, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அறையில் அக்காவும் கீர்த்தனாவும் உறவுக்காரர் சிலரும் இருந்தார்கள். நான் மூட்டையைப் பிரித்துக் கம்பளியை எடுத்துக் கட்டிலில் போட்டேன். அக்கா பார்த்துச் சிரித்துவிட்டார்கள். "ஏனுங்க அம்மணி, கோயமுத்தூருல கம்பளி போத்துனா புள்ள வெந்துபோயிருமுங்க" என்று சொல்லி, தன் மகளுக்குக் கொண்டுவந்த பருத்திப் போர்வைகளில் ஒன்றை எடுத்து நந்தினி கட்டிலில் விரித்தார்கள்.

கூட வந்த உறவுக்காரர் ஒருவர் எங்களிடம் எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். எஸ்டேட் என்றேன். அவர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, வார்டனிடம் சொல்லி வேறு அறை வாங்கலாம் என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் கேட்டது. அக்கா திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "எதுக்குங்க? இங்க சன்னல்ல நல்லாக் காத்து வருது. என்ற புள்ள இங்கயே இருக்கட்டும்" என்றார்கள். அதற்கு மேல் அந்தப் பேச்சு எழவில்லை. கிளம்பும்போது என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

முதல் வாரங்கள் எப்படி இருந்தன என்று பிள்ளைகளை அனுப்பியவர்களுக்குத் தெரியும். எங்கள் லயத்தில் ஃபேன் கிடையாது, மலைக் குளிருக்கு எதற்கு? நந்தினி அதன் கீழே படுத்ததில்லை. கழன்று தலையில் விழுந்துவிடும் என்று கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுப் படுத்தாள். வகுப்பில் ஆங்கிலத்தில் ஓடிய பாடம் புரியவில்லை, மெஸ் சோறு இறங்கவில்லை. கீர்த்தனாவுக்கு வேறு மாதிரி. சொந்த வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள். குளிக்க வரிசையில் நிற்பது அவளுக்கு அவமானமாக இருந்தது. சனிக்கிழமை ஆனால் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவாள். திங்கட்கிழமை அவளைத் திரும்ப ஏற்றுவது பெரும்பாடு.

நான் லயத்துக்கு மேலே ரோட்டு வளைவில் நின்று, யானை இறங்குவதற்கு முன்னால், வெளிச்சத்திலேயே நந்தினியைக் கூப்பிடுவேன். "நந்தினி" என்ற ஒரு சொல்தான் சொல்லியிருப்பேன், அழத் தொடங்குவாள். வந்துவிடுகிறேன், கொழுந்து பறிக்கிறேன் என்பாள். எங்கள் லயத்தில் காலேஜ் வரைக்கும் போன முதல் பெண் அவள். அவள் வந்துவிட்டால் என் கொழுந்துக் கூடை அவள் முதுகிலும் ஏறிவிடும். எனக்கு அதுதான் பயம். அங்கே அக்காவுக்கும் அதே கதை. படிப்பு வேண்டாம் என்று சொல்கிற பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க உறவில் ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் நான் கூப்பிட்டபோது நந்தினி குளிக்கப் போயிருந்தாள். ஃபோனைக் கீர்த்தனா எடுத்தாள். எடுத்தவள் வைக்கவில்லை. மெஸ்ஸில் சாம்பார் எப்படி இருந்தது, பக்கத்து அறைக்காரி எப்படிக் குறட்டை விடுகிறாள் என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். அன்றைக்கே அக்காவிடம் சொன்னேன். அக்கா, நந்தினியும் தன்னிடம் ஒரு நாள் அப்படித்தான் பேசினாள் என்றார்கள். பிறகு சொன்னார்கள்: "பெத்தவ கொரலைக் கேட்டாத்தானுங்க புள்ளைக அழுகுது. கொரலை மாத்திக் குடுத்துருவோமுங்க. உங்க புள்ளைக்கு நான், என்ற புள்ளைக்கு நீங்க. பொங்கல் வரைக்கும்."

எனக்கு விளையாட்டாகத்தான் பட்டது. அக்கா விளையாடவில்லை. தினமும் சாயங்காலம் அவர்கள் நந்தினியைக் கூப்பிட்டார்கள், நான் கீர்த்தனாவைக் கூப்பிட்டேன். முடிந்ததும் நாங்கள் இருவரும் பேசி, அவரவர் பிள்ளையின் சேதியை வாங்கிக்கொள்வோம்.

ஃபேன் விவகாரத்தை அக்காதான் தீர்த்தார்கள். நந்தினியிடம் பயப்படாதே என்று சொல்லவே இல்லை. தங்கள் மாட்டுக்கொட்டகையில் ஒரு ஃபேன் இருக்கிறது, அது எருமை மேல் விழும் விழும் என்று தன் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார், எத்தனையோ எருமை மாறிவிட்டது, ஃபேன் மட்டும் மாறவில்லை என்றார்கள். நந்தினி கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

கீர்த்தனாவுக்கு என்னிடம் பிடித்தது யானை. ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே வளைவுக்குக் கீழே செடி அசைந்தது. நான் "சத்தம் போடாதே" என்று கிசுகிசுத்துவிட்டு, ஃபோனை மார்போடு அழுத்திக்கொண்டு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அது போன பிறகு காதில் வைத்தால், அந்தப் பிள்ளை அப்போதும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து என்னை மலையம்மா என்று கூப்பிடத் தொடங்கினாள். சனிக்கிழமை பஸ் ஏறுவது நின்றது, வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்வதும் குறைந்தது. இன்றைக்கு யானை வந்ததா என்பதுதான் முதல் கேள்வி.

என்னிடம் பேசிப் பேசி எங்கள் ஆட்களின் வெடுக்குப் பேச்சும் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. "ஏனுங்க, என்ற புள்ள நேத்து ஃபோன்ல அவங்கப்பங்கிட்ட 'சும்மா கெட'ங்கறாளுங்க. ஒரு 'ங்க' கூட இல்லீங்க. காலேஜுல எதைப் படிச்சாளோ, இதையப் படிச்சுப்போட்டா" என்று அக்கா ஒரு நாள் முறையிட்டுச் சிரித்தார்கள்.

எல்லாம் சிரிப்பாகவே இருக்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் கீர்த்தனா, அம்மாவிடம் பேச வேண்டும் என்று ஒரே பிடியாக அழுதாள். அக்காவிடம் சொன்னேன். ஒரு வார்த்தை பேசிவிடுங்கள் என்றும் சொன்னேன். அக்கா பேசவில்லை. "என் கொரலைக் கேட்டா அவ இப்பவே பஸ்ஸேறிருவாளுங்க. அப்பறம் அவளை ஏத்தியனுப்ப எனக்குத் தெம்பில்லீங்க" என்றார்கள். அன்றைக்கு அவர்கள் நந்தினியைக் கூப்பிட்டு வழக்கத்தை விட நெடுநேரம் பேசினார்களாம். பொங்கல் வந்தது. இரண்டு பிள்ளைகளும் காலேஜில் இருந்தார்கள். நாங்கள் குரல்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டோம். அதற்குள் பிள்ளைகளுக்குப் பேச நேரம் இல்லாமல் போயிருந்தது. நல்லாயிருக்கேன், வை, என்று முடித்துவிடுவார்கள்.

இரண்டாம் வருடம் தொடங்கிக் கொஞ்ச நாளில் அக்கா போய்விட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். பந்தலில் இருந்த ஒரு பெண், நீங்கள் யாருங்க, எந்த வழியில் உறவு என்று கேட்டார். அக்காவின் வீட்டுக்காரர் உள்ளே இருந்து வந்தார். அதுவரை என்னைப் பார்த்ததில்லை. நான் அந்தப் பெண்ணிடம் வால்பாறையிலிருந்து வருகிறேன் என்று சொன்னதும், "பேச்சியம்மாங்களா? கொரல்ல தெரிஞ்சுதுங்க. வாங்க" என்று கூட்டிக்கொண்டு போய் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

கீர்த்தனா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் புறப்படும்போதுதான் வாசல் வரை வந்தாள். அவளை அணைக்கக் கையை நீட்டினேன். நகர்ந்துகொண்டாள். "அத்தனை மாசமும் எங்கம்மா உங்க புள்ளைகிட்டத்தானுங்க பேசுனாங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "எனக்கு என்னங்க மிச்சமிருக்குது?"

பொள்ளாச்சியில் பஸ் மாறி மலை ஏறும் வரைக்கும், அதற்குப் பிறகும், அந்தக் கேள்வி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அவள் சொன்னது நிஜம். நாங்கள் செய்ததும் சரி. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

காரியம் முடிந்து அப்பா அவளைக் கட்டாயப்படுத்தி ஹாஸ்டலுக்கு அனுப்பினார். அங்கே அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாளாம். நந்தினியோடு பேச்சு இல்லை. அறையை மாற்றித் தரும்படி கேட்டிருந்தாள். அதுவும் கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். நான் தினமும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அந்த நாட்களில்தான் எனக்கு அது நடந்தது. நந்தினியோடு பேசிக்கொண்டிருந்தேன். எனக்குக் காய்ச்சல், அதைச் சொன்னேன். "வெசனப்படாதீங்க, மொளகு ரசம் வெச்சுக் குடிச்சுப்போட்டுப் படுங்க" என்றாள். என் மகள் பிறந்ததிலிருந்து என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அந்த இழுப்பு, அந்த 'ங்க', நடுவில் மூச்சு விடுகிற இடம், எல்லாம் அக்கா. ஃபோனைக் காதிலிருந்து எடுத்து யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்தேன். அவளுக்குத் தான் பேசியது தெரியவே இல்லை. இனிமேல் அப்படிப் பேசாதே, அந்தப் பிள்ளை காதில் விழுந்தால் தாங்காது என்று கண்டித்தேன். சரி என்றாள். ஆனால் வாயில் குடியேறிவிட்டதை யார் இறக்கிவிட முடியும்?

முதலாம் வருடத்துப் பிள்ளைகள் புதிதாக வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி இவர்கள் அறை வாசலில் பையை வைத்துக்கொண்டு அழுதபடி உட்கார்ந்திருந்தாளாம், ஊருக்குப் போகிறேன் என்று. நந்தினி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னிடம் கொடுத்த வாக்கை மறந்து, சொல்லியிருக்கிறாள்: "அழுகுறதுன்னா அழுதுக்க கண்ணு. ஆனா சோத்தை உண்டுபோட்டு அழு. வெறும் வகுத்துல அழுதா ஊரு ரொம்பத் தூரமாத் தெரியும்."

உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கீர்த்தனா எழுந்து வந்தாள். நந்தினி பயந்து வாயை மூடிக்கொண்டாள். கீர்த்தனா கதவைப் பிடித்துக்கொண்டு, "அது எங்கம்மா சொன்னதா?" என்று கேட்டாள். நந்தினி தலையாட்டினாள். "இன்னொருக்கா சொல்லு" என்றாள் கீர்த்தனா. நந்தினி சொன்னாள். அந்தப் புதுப் பிள்ளை ஒன்றும் புரியாமல் அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் கீர்த்தனா என் மகளின் கட்டிலில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். நந்தினி நினைவு வந்ததைச் சொல்கிறாள். எருமைக் கதை, ரசக் கதை, தீபாவளிக்கு முன்னால் நெடுநேரம் பேசிய கதை. அன்றைக்கு அக்கா பேசியது முழுக்கக் கீர்த்தனா குழந்தையாக இருந்தபோது செய்த சேட்டைகள்தானாம்.

போன வாரம் நான் வளைவில் நிற்கும்போது ஃபோன் அடித்தது. "மலையம்மா" என்றாள். யானை வந்ததா என்று கேட்கவில்லை. "நந்தினிகிட்ட அம்மா என்ன பேசுனாங்கன்னு கேட்டுக்கறேனுங்க. என்னையப் பத்தி நீங்க சொல்றப்ப அம்மா என்ன சொல்லுவாங்க?"

யோசித்துப் பார்த்தேன். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா எனக்கு நந்தினி சேதியைச் சொல்லும்போது, பின்னால் தோட்டத்துத் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் கத்திப் பேசுவார்கள். கீர்த்தனா சேதியை நான் தொடங்கினால், "இருங்க அம்மணி, மோட்டாரை நிறுத்திப்போட்டு வாரேனுங்க. என்ற புள்ள சேதியச் சத்தத்துல கேக்க முடியாதுங்க" என்று எழுந்து போவார்கள். மோட்டார் ஓடுகிற மும்முனைக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. இருக்கிற நேரத்தில் மோட்டாரை நிறுத்துகிறவள் இந்த உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்று வீட்டுக்காரர் திட்டுவது எனக்குக் கேட்கும். மோட்டார் நின்றுவிடும். அக்கா வந்து "இப்பச் சொல்லுங்க" என்பார்கள். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் வெறும் மூச்சுதான்.

"தினமுமுங்களா?" என்று கேட்டாள்.

"கரண்டு இருந்த நாளெல்லாம்" என்றேன்.

அவள் அழுதாள். நான் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. பிறகு, நாளைக்குத் தேர்வு இருக்கிறது, படிக்கப் போகிறேன் என்றாள்.

அக்காவின் பேச்சு நந்தினியிடம் இருக்கிறது. உரியவளிடம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவருகிறாள். என்னிடம் இருப்பது அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த அந்த அமைதி. அதை யாரிடம் எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை, நானே வைத்திருக்கிறேன். எங்கள் எஸ்டேட்டில் தண்ணீர் மோட்டார் எதுவும் கிடையாது. ஆனாலும் வெளிச்சம் இறங்குகிற நேரத்தில், அந்த வளைவில், எங்கோ ஓடிக்கொண்டிருந்த ஒன்று சட்டென்று நின்றது போல இருக்கும். நான் சுற்றிலும் பார்த்துவிட்டு, கீர்த்தனா சேதியைச் சொல்லத் தொடங்கிவிடுகிறேன்.

"இன்னைக்குச் சாப்பிட்டாளாம் அக்கா."