தண்ணீரில் வார்த்த பாவு மிஷின்

"டெம்ப்ளேட்டுங்கது நடை பழகாத பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்குத நடைவண்டி, அண்ணாச்சி. எனக்கு எதுக்கு அது?" என்று ஜெபசிங் ஒருமுறை பட்டறை முதலாளி சங்கரசுப்பிரமணியனிடம் அறிவித்தார். அறிவித்தார் என்பதே சரி. அவர் எதையும் சாதாரணமாகச் சொல்வதில்லை.

நெசவுக்கு வேண்டிய இயந்திரங்களைக் கணினியில் வரைவது அவர் உத்தியோகம். முழு மிஷினின் படத்துக்குள் இருந்தபடியே புதுப் பாகம் ஒன்றை உருவாக்கப் போனால், எந்த டெம்ப்ளேட்டில் தொடங்கட்டும் என்று மென்பொருள் பணிவாகக் கேட்கும். கூட வேலை பார்க்கும் ஜெஸ்லின் இதற்கென்றே ஒன்று தயாரித்து வைத்திருந்தாள். அளவு மில்லிமீட்டர், உலோகம் இரும்பு எல்லாம் அதில் முன்கூட்டியே பதிந்திருக்கும். ஜெபசிங் அதைத் தீண்டியதில்லை. வெறும் பக்கத்தைத்தான் திறப்பார். ஆண்டவரே ஒன்றுமில்லாமையிலிருந்துதான் தொடங்கினார் என்பது அவர் கட்சி. ஞாயிறு ஆராதனை தவறாதவர், ஆதாரத்தோடுதான் பேசுவார்.

தறிக்கூடம் நடத்தும் சீனியம்மாளுக்கு அப்படித்தான், தறிக்கு வேண்டிய நூலைப் பாவாகச் சுற்றித் தரும் பாவு மிஷின் ஒன்று வரைந்தார். கீழே தறிகள் நிறைந்துவிட்டதால் மேலே தளம் போட்டு மிஷினை அங்கே ஏற்றுவதாகத் திட்டம். கொத்தனாருக்குச் சொல்ல மிஷினின் எடை வேண்டும் என்று சீனியம்மாள் கேட்டபோது, ஜெபசிங் கணினியை ஒரு தட்டுத் தட்டி, "இருநூறு கிலோதான்க்கா. பூ மாதிரி இருக்கும்" என்றார்.

வியாழக்கிழமை காலை ஜெஸ்லின் மெதுவாக ஆரம்பித்தாள். "அண்ணே, அந்த உருளை ஒண்ணத் தூக்கவே நாலு ஆள் வேணும். மொத்த மிஷினும் இருநூறு கிலோதானா?"

"டிசைன் அப்படி. நான் வரைஞ்சதுல வீண் இரும்பு கிடையாது."

"சரிண்ணே. சீனியம்மாக்கா இன்னைக்கு காங்கிரீட் போடுதாங்களாம். இப்பதான் கலவை மிஷின் நம்ம வாசல் வழியாப் போச்சு."

அதன் பிறகு நாற்காலி அவரை ஏற்க மறுத்தது. டீக்கடைக்குப் போனார்; டீ வருவதற்குள் திரும்பினார். மின்விசிறியைக் கூட்டினார், குறைத்தார். வாசலுக்குப் போய் ராஜபாளையம் பஸ் ஒன்றைக் காரணமில்லாமல் முறைத்தார். ஜெஸ்லின் படங்களை அச்செடுக்க உள்ளறைக்குப் போன நேரம் பார்த்து, பாவு மிஷினின் படத்தைத் திறந்தார்.

ஒவ்வொரு பாகத்திலும் உலோகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. வெறும் பக்கத்தில் பிறந்த அந்தப் பாகங்களிடம் நீ இரும்பு என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாவிட்டால் அந்த மென்பொருள் தண்ணீரின் எடையைப் போட்டுக்கொள்ளும். இந்த வெயிலூரில் இத்தனை தண்ணீர் ஒரே இடத்தில் நின்று எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். இரும்பு என்று மாற்றினார். எடை ஒன்றரை டன்னைத் தாண்டி நின்றது.

மென்பொருள், மின்வெட்டு, கொத்தனார் ஆகிய மூவர் மீதும் பழி போட இடமிருந்தது. கலவை மிஷின் அதுவரை காத்திருக்காதே. போனை எடுத்தார்.

"அக்கா, காங்கிரீட்டை நிறுத்தச் சொல்லுங்க."

"சட்டி தூக்க ஆளு வரிசையா நிக்கி. என்ன விசயம்?"

"மிஷின் ஒண்ணரை டன்னுக்கு மேல வருது."

"பூ மாதிரின்னீங்களே தம்பி. எந்த ஊருப் பூ அது?"

"தப்பு என்மேலதாங்க்கா. படத்துல இரும்புன்னு போடாம விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் கலவை மிஷினின் இரைச்சல். அதற்கு மேலாக, "ஏ கொத்தனாரே, மிஷினை அமத்துங்க" என்ற குரல். இரைச்சல் அடங்கியதும் சீனியம்மாள் தாழ்ந்த குரலில், "கீழ என் மருமவதான் நின்னு தறி ஓட்டுதா தம்பி" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

தளத்தின் கம்பிகளை இனி இன்ஜினீயர் ஒருவரைக் கேட்டு மாற்றிக் கட்டட்டும். எடையைப் பரப்ப மிஷினுக்கு அடியில் ஓர் இரும்புச் சட்டம் ஜெபசிங் வரைய வேண்டும். புதுப் பாகம் என்று அழுத்தினார். எந்த டெம்ப்ளேட் என்று மென்பொருள் வழக்கமான பணிவோடு கேட்டது.

ஜெஸ்லின் திரும்பி வந்து, முதுகைக் காட்டியபடி அச்சுத்தாள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஜெபசிங் அவள் செய்த டெம்ப்ளேட்டின் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தி, மவுஸின் சத்தம் கேட்காதபடி லேசாக இருமிக்கொண்டே அழுத்தினார்.