எலும்பு முறியாத கை

அந்த நாட்களை நினைத்தாலே களைப்பாக இருக்கிறது. ஆனாலும் சபையாருக்குச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். எதற்கும் பயப்படுகிற சுபாவம்.

எழுபத்து நான்காம் வருஷம், ஐப்பசி மழை. தாம்பரம் ஸ்டேஷன் படியில் வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. கணவர் இல்லை. பள்ளி விடுதியில் சமையல் வேலை. கை போனால் என் பெண்களுக்குச் சோறு ஏது?

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, வெறும் சுளுக்கு என்றார்கள். அந்த ஞாயிறே போதகர் என் பேரைச் சொல்லி ஸ்தோத்திரம் ஏறெடுத்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

வீக்கம் வடிந்தது. வலி போகவில்லை. இட்லிக் குண்டானைத் தூக்கினால் மணிக்கட்டுக்குள் ஏதோ டொக்கென்று நழுவும். யாரிடம் சொல்வது? நன்றி சொல்லியாகிவிட்டதே. விசுவாசமில்லை என்பார்களோ, கர்த்தரே கோபிப்பாரோ என்று பயம். இடது கையாலேயே குழவியைச் சுற்றினேன். விடுதியில் வேறு ஆள் தேடத் தொடங்கினார்கள்.

ஒரு ஞாயிறு முழங்கால்படியிட்டபோது, "ஆண்டவரே, சுகமாகலை. நோவுது" என்று மட்டும் சொன்னேன். எல்லோரும் தரையில் கையூன்றி எழுந்தார்கள். நான் முழங்கையை ஊன்றினேன். பின்னால் இருந்த கிரேஸ் அக்கா, ஆஸ்பத்திரி நர்ஸ், பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, முழங்கையில எழுந்துக்கிறே?"

"ஒண்ணுமில்லக்கா. எலும்பு நல்லாகீது. ஸ்தோத்திரம்கூட பண்ணிட்டாங்க."

"எலும்புக்குத்தானே பண்ணாங்க? அதைக் கட்டிக்கினு இருக்கிற நாருக்கு யாரு பண்ணது? நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா. வரலைன்னா வூட்டுக்கே வந்து இழுத்துக்கினு போவேன்."

டாக்டர் மணிக்கட்டின் மேல்பக்கம் ஓரிடத்தில் அழுத்தினார். கத்திவிட்டேன். இரண்டு கைகளையும் இறுக்கி மூடச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார். வலது கையில் மட்டும் இரு சின்ன எலும்புகளுக்கு நடுவே இடைவெளி. அவற்றைப் பிணைக்கும் தசைநார் அறுந்திருந்தது. கையைத் தளர்த்தி எடுத்த பழைய படத்தில் அது தெரியவில்லையாம்.

"மூட்டு தேய்ஞ்சு போறதுக்குள்ள வந்தீங்களேம்மா" என்றார்.

நாரைத் தைத்து, எலும்பு விலகாமல் கம்பி செருகி, மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரிக்கும்வரை என் வேலையை வேறு யாருக்கும் கொடுக்காதபடி அக்காவே வார்டனிடம் பேசினார்.

கை இன்றும் முழுதாக மடங்குவதில்லை. மழைக்காலத்தில் கடுக்கிறது. ஆனால் குண்டானைத் தூக்குகிறேன். பெண்கள் சாப்பிடுகிறார்கள். கவலை என்னை விட்டுப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஜெபத்தில் மட்டும் இப்போது நடிப்பதில்லை.

உங்களில் யாராவது, நன்றி சொல்லிவிட்டோமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தால், நோவுது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். என்னிடம் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆள் அனுப்பினார்.