எலியோடோரோவும் நீளவால் சிட்டும்

எலியோடோரோ என்னிடம் நூற்று இருபது டாலர் கடன் பட்டிருந்தான். கோவேறு கழுதை வாங்கக் கேட்டது. கழுதை செத்தே இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு வரைதான். ஒற்றை வெட்டுக்கத்தியோடு இந்த மலைக்கு வந்தவன்; இன்று பதினாலு ஹெக்டேர் கரும்பு எனக்கு. என் பாதி வயதுக்காரனான எலியோடோரோவுக்குத் தொழில், வெளியூர்க்காரர்களுக்குக் குருவி காட்டுவது. ஊரே வாசலில் சீனித்தண்ணிப் புட்டியைத் தொங்கவிட்டு, அதைக் குடிக்க வரும் கட்டைவிரல் பருமன் ரீங்காரச் சிட்டுகளைக் காட்டிக் காசு பார்க்கிறது. இவன் மட்டும் மாட்டான்.

“புட்டியில பாக்கவாண்ணே காட்டுக்கு வர்றாங்க?”

“காட்டுல குருவி வரலன்னா காசு வேண்டாங்கிறியே?”

“காட்டாம எப்படி வாங்குறது?”

இவனோடு பேசினால் தலைவலிதான் மிச்சம்.

போன பிப்ரவரியில் குவென்கா நகரத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். ரீங்காரச் சிட்டிலேயே நீளவால் சிட்டைக் காட்டினால் நூற்றைம்பது டாலர். ஆற்றோரப் புதரில் ஆண் சிட்டுகள் கூடிப் பாடும் இடம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் குச்சி. விடிந்தால் அதில்தான் உட்கார்ந்து கீச்சிடும். என் பணம் வரவேண்டுமே என்று முந்தின சாயங்காலம் நானே போய் அந்தப் பாதையைச் செதுக்கி வைத்தேன். என்னைப்போல் பாதை வெட்ட இந்தப் பக்கம் ஆள் கிடையாது.

காலையில் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போன எலியோடோரோ அங்கே அப்படியே நின்றுவிட்டான்.

“அண்ணே, இங்க முழங்கால் ஒசரத்துல ஒரு குச்சி இருந்துச்சே.”

“குப்பையா நீட்டிக்கிட்டு இருந்துச்சு. வெட்டிட்டேன்.”

“அது அவன் ஒக்கார்ற குச்சிண்ணே.”

சிட்டு வந்தது. குச்சி இருந்த இடத்தில் அந்தரத்தில் நின்றது. டாக்டரம்மா தூரக்கண்ணாடியைத் தூக்குவதற்குள் போய்விட்டது. மறுபடி வந்தது, மறுபடி போனது. என் நூற்றிருபதும் கூடவே போனது.

எலியோடோரோ நான் வெட்டிப்போட்ட குவியலைக் கிளற ஆரம்பித்தான்.

“ஏதோ ஒண்ண நட்டு வைடா. குருவிக்கு என்ன தெரியும்?”

“ஒங்க கட்டில மாத்திப் போட்டா ஒங்களுக்குத் தெரியாதாக்கும்.”

அந்தக் குச்சியையே கண்டுபிடித்து, பழைய உயரத்தில், பழைய சாய்வில், வாழைநாரால் கட்டினான். கால் மணி நேரம் ஆயிற்று. சிட்டு இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தது. நுனி வெளுத்த வால் மேலும் கீழும் ஆடியது. டாக்டரம்மா தூரக்கண்ணாடியை இறக்கவே இல்லை. இருபத்தெட்டு வருஷம் இதே வழியாகக் கரும்பு சுமந்தவன், நானும் அதை அன்றுதான் பார்த்தேன்.

அவர் வண்டி கிளம்பியதும், “கைய நீட்டுங்கண்ணே” என்றான். நூற்றுப் பதினைந்து வரை எண்ணி வைத்து நிறுத்தினான்.

“இன்னும் அஞ்சு.”

“அது நீங்க பாதை வெட்டுனதுக்கு அபராதம்.”

நான் கையை மடக்கவில்லை. அவன் முறைத்துக்கொண்டே சட்டைப்பையைத் துழாவி, அந்த ஐந்தையும் சில்லறையாக எண்ணி வைத்தான்.