பேசக்கூடாது என்றுதானே சொன்னார்கள்

புன்னைத்துறையில் மீன்காரி வேளாங்கண்ணியோடு இனி யாரும் பேசக்கூடாது என்று ஊர் கமிட்டி அறிவித்தது 2011ஆம் ஆண்டில், திருவிழாக் கொடியேறுவதற்கு ஒரு மாதம் முன்பு. ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வந்ததும், கமிட்டித் தலைவர் மரியஜான் கோயில் முற்றத்தில் மைக்கைப் பிடித்தார்.

"யாரும் அவகூட பேசப்பிடாது. கரையில மீன் குடுக்கப்பிடாது. நல்லது கெட்டதுக்கு விளிக்கப்பிடாது. மீறுனா அபராதம்."

வேளாங்கண்ணி அப்போது கூட்டத்தின் நடுவில்தான் நின்றிருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "முடிஞ்சா? வெயில் ஏறுது, நான் போவட்டா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அவள் போய்விட்டாள்.

அவள் அப்படி என்ன குற்றம் செய்துவிட்டாள்? ஊர் நாடகத்தில் ராசா வேஷக்காரனை மாற்ற மாட்டேன் என்றாள். அவ்வளவுதான்.

வேளாங்கண்ணிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. காலையில் கரையில் ஏலம் எடுத்து, மீன் நிறைந்த சருவத்தைத் தலையில் ஏற்றி, வயல்கரை ஊர்களில் மீன் விற்பாள். பிற்பகலில் வலைக்கூடத்தில் நாடகம் சொல்லிக்கொடுப்பாள். அதில் நடிக்கிறவர்கள் கொத்தனார், ஆட்டோக்காரர், வலை பின்னுகிறவர்கள், பாலர் பள்ளி டீச்சர். யாரும் காசுக்கு வருகிறவர்கள் இல்லை. வேலையை முடித்துவிட்டு, மீன் நாற்றத்தோடும் சிமென்டுத் தூசியோடும் வந்து நின்று பாடுகிறவர்கள். நாடகம் முழுக்கப் பாட்டுத்தான். ஒரு ராசா, புயலில் கரையொதுங்கிய ஒருவனுக்குக் கோட்டைக் கதவைத் திறக்க மறுக்கிறான். கடைசியில் அதே கதவுக்கு வெளியே முட்டிபோட்டு அழுகிறான். மூன்று மணி நேரக் கதை.

அந்த மூன்று மணி நேரமும் வேளாங்கண்ணியின் தலைக்குள்தான் இருந்தது. எழுதிவைத்த நோட்டு கிடையாது. முன்பு ஒன்று இருந்தது. 2004இல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடல் ஊருக்குள் வந்தபோது அது இருந்த தகரப்பெட்டியைக் கொண்டுபோயிற்று. ராசா வேஷம் கட்டிய அவள் கணவர் ஞானதாசனையும், இன்னும் ஐந்து நடிகர்களையும் கொண்டுபோயிற்று. அடுத்த ஆண்டு, இனி நாடகம் எங்கே என்று எல்லோரும் கைவிட்டபோது, எழுத்து தெரியாத இந்தப் பெண் வலைக்கூடத்தில் உட்கார்ந்து முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரு மூச்சில் பாடினாள். இருபத்தைந்து வருடம் ஒத்திகைக்குக் கட்டன்சாயா கொண்டுபோய்க் கொடுத்தவள். டம்ளர் கழுவும்போதே எல்லாம் காதில் ஏறியிருக்கிறது. அன்றிலிருந்து நாடகம் பயிற்றும் அண்ணாவியார் அவள்தான். ஆண்கள் இருக்கும் இடத்தில் பெண்பிள்ளை நாடகம் சொல்லிக்கொடுப்பதா என்று முனகியவர்கள் உண்டு. முனகினார்கள், பிறகு அவளிடமே வந்து பாட்டுக் கேட்டு நின்றார்கள்.

போனவர்களின் இடத்துக்கு ஆள் வேண்டும். ஆறு கடலில் சேரும் பொழிக்கு அந்தப் பக்கம் கொம்பன்துறை. அங்கிருந்து ஆன்றோ வந்தான். ஞானதாசனின் உடல் மூன்றாம் நாள் அந்தக் கரையில்தான் ஒதுங்கியது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் பொழியைக் கடந்து கொண்டுவந்து அவள் முன்னால் கிடத்தியவன் அவன். அடுத்த ஆண்டு அவனே ராசா வேஷம் கட்டினான். அவன் முதல் விருத்தத்தை எடுத்தபோது வேளாங்கண்ணி திரைக்குப் பின்னால் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். நன்றாகப் பாடினான். அது அவளுக்கு வலியாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

ஐந்து வருடம் இப்படிப் போனது. பிறகு கொம்பன்துறையில் கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல்லடுக்கித் தூண்டில் வளைவு கட்டினார்கள். அங்கே கரை நின்றது. மணல் வரத்து தடைப்பட்டு, இங்கே புன்னைத்துறையைக் கடல் தின்றது. பதினோரு வீடு போயிற்று. கல்லெறி, வள்ளம் உடைப்பு, போலீஸ் காவல் எல்லாம் வந்தது. ஊரின் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வீடு போனவனுக்குத்தான் தெரியும். ஆனால் ஆன்றோவா கல்லைப் போட்டான்?

கமிட்டி அவளைக் கூப்பிட்டு விசாரித்தது.

"கொம்பன்துறைக்காரன் நம்ம மேடையில ராசாவா நிக்கது சரிப்படாது. எனக்க மருமவன் ரெடியா இருக்கான்" என்றார் மரியஜான்.

"அவன் குளிமுறியில பாடுவான். மேடையில நிப்பானா?"

"கேலி வேண்டாம், வேளாங்கண்ணி. ஊரா, ஆன்றோவா? தீர்மானிச்சுக்கோ."

"எனக்க மாப்பிளையத் தோளில போட்டுக்கிட்டு வந்தானே, அண்ணைக்கு அவன் எந்தக் கரைன்னு நீங்க கேட்டியளா? ஒருத்தரும் கேக்கல்ல. இப்பம் நானும் கேக்க மாட்டேன். ராசா அவந்தான். நீங்க என்ன செய்வியளோ செய்யுங்க."

அவர்கள் செய்தார்கள். ஊர்விலக்கு.

கரையில் அவளுக்கு மீன் இல்லை என்றானதும், சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, கமிட்டி ஆபீஸ் வாசல் வழியாகவே நடந்து, பொழியைக் கடந்து, கொம்பன்துறைக் கரையில் போய் ஏலம் எடுத்தாள். திரும்பும்போதும் அதே வாசல். வேண்டுமென்றேதான். வீம்பு என்று சொன்னால் அவள் மறுக்க மாட்டாள்.

ஆனால் வீட்டுக்குள் நிலைமை வேறு. பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக் கிடந்தது. கடைக்காரர் சாமானை எடுத்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலைக்கூடத்துக்கு யாரும் வரவில்லை. நாளெல்லாம் கத்தி விற்றுவிட்டு வருகிறவளுக்கு, 'வந்தியா?' என்று கேட்க ஓர் ஆள் இல்லை. மூன்று நாள் அழுதாள். இந்த ஊர் இல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக ஆன்றோவை விட்டுக்கொடுக்கவும் முடியாது.

நான்காம் நாள் குழாயடியில் பிரிஜா நின்றிருந்தாள். பாலர் பள்ளி டீச்சர், நாடகத்தில் ராணி. வேளாங்கண்ணி குடத்தோடு வந்ததும், வரிசையில் நின்றவர்கள் விலகினார்கள். பிரிஜா விலகவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, ராணி ராசாவிடம் குறை கேட்கும் பாட்டின் மெட்டில் எடுத்தாள்:

"கோட்டைக்குள் வாழும் மாமி, குறை ஏதும் உண்டோ?
பானைக்குள் சோறும் உண்டோ? பகர்வீர் இப்போதே!"

குழாயடி திகைத்துப் போயிற்று. ஒருத்தி, "ஏட்டி, பேசப்பிடாதுல்லா!" என்று கிசுகிசுத்தாள்.

"நான் எங்க பேசுனேன்? பாடுதேன்" என்றாள் பிரிஜா.

வேளாங்கண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. குடத்தை இறக்கி வைத்துவிட்டு அதே மெட்டில் பதில் கொடுத்தாள்:

"சோறுண்டு, கறியும் உண்டு, சொல்லத்தான் ஆளில்லை;
வேறொன்றும் வேண்டாம் பெண்ணே, வீட்டுக்கு வா நீயே!"

அவ்வளவுதான், ஊருக்கு வழி தெரிந்துவிட்டது. மறுநாள் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, எங்கே இறக்கிவிட வேண்டும் என்று விருத்தத்தில் கேட்டார். கடைக்காரர் அரிசி வந்திருக்கிற செய்தியைச் சேவகர் பாட்டில் சொன்னார். சுதியே இல்லாதவர்கள்கூட வாய்க்கு வந்தபடி இழுத்தார்கள். வலைக்கூடம் மறுபடி திறந்தது. ஆன்றோ பொழியைக் கடந்து வந்தான். 'கொஞ்சம் தள்ளி நில்' என்பதைக்கூட ராகத்தில் சொல்லிக்கொண்டார்கள். ஊர்விலக்குப் பட்ட ஒருத்தியைச் சுற்றி அவ்வளவு சிரிப்பு அதுவரை கேட்டிருக்காது.

கமிட்டி அவசரமாகக் கூடியது. பாட்டு பேச்சில் சேருமா, சேராதா? சேரும் என்றார் மரியஜான். அப்படியானால் பூசையில் பாடுகிறவர்கள் எல்லாம் கோயிலில் பேசிய குற்றத்துக்கு வெளியே நிற்க வேண்டும் என்றார் ஒருவர். மரியஜானின் மனைவி அந்தப் பாடகர் குழுவில் முதல் வரிசை. தலைவர் தண்ணீர் குடித்தார். கூட்டம் கலைந்தது.

அவள் இல்லாமலே நாடகம் போடலாம் என்று ஒரு முயற்சியும் நடந்தது. மருமகன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். மூன்றாவது பாட்டுக்கு மேல் யாருக்கும் அடி தெரியவில்லை; தெரிந்தவர்கள் வேளாங்கண்ணியின் ஆட்கள், அவர்கள் வரமாட்டோம் என்று பாடிவிட்டார்கள். அதற்குள் கொடியும் ஏறிவிட்டது. மஸ்கட்டிலிருந்தும் துபாயிலிருந்தும் லீவு போட்டு வந்தவர்கள், நாடகம் இல்லாத திருவிழாவுக்கா டிக்கெட் எடுத்தோம் என்று தலைவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஏழாம் திருவிழா, அதாவது கொடியேறிய ஏழாம் நாள் பிற்பகல், மரியஜான் ஒரு கடிதத்தோடு வேளாங்கண்ணியின் முற்றத்தில் வந்து நின்றார். சட்டம் போட்டவரே மீறலாமா? அதனால்தான் கடிதம். அவள் வாங்கிப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"எனக்கு எழுத்து தெரியாதுல்லா, தலைவரே."

அவர் பக்கத்தில் நின்ற பிரிஜாவைப் பார்த்தார். பிரிஜா வானத்தைப் பார்த்தாள். வேலி ஓரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மரியஜானுக்கு வியர்த்தது. கண்ணை மூடிக்கொண்டு, நாடகத்தை நீயே நடத்து என்ற பொருளில் ஏதோ ஒன்றை இழுத்தார்.

"சுதி சேரல்ல" என்றாள் வேளாங்கண்ணி. "இன்னொருக்கா."

மறுபடி பாடினார்.

"ராசா யாருன்னு அதுல வரல்லியே?"

மூன்றாம் முறை ஆன்றோவின் பெயர் வந்தது, பல்லிடுக்கில் வந்தது.

"நல்லது. ஆனா எனக்க முற்றத்துல பாடுனாப் போதாது. வெலக்குனது மைக்குல. அங்கேயே பாடணும். கட்டியக்காரன் வேஷத்துக்கு ஆளு வேணும், நீங்க வாங்க. ராசா வாறத முன்னால நின்னு ஊருக்குச் சொல்லணும். அவன் ஊரையும் சேத்துச் சொல்லணும்."

பத்தாம் திருவிழா, விளக்கு வைக்கும் நேரம். காவலுக்குப் போலீஸ் நிற்க, கொம்பன்துறைச் சனமும் பொழியைக் கடந்து வந்து மணலில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தது. கட்டியக்காரன் தொப்பியோடு மரியஜான் மேடையில் நின்றார். திரைக்குப் பின்னால் ஆன்றோ ராசா உடையில். திரைக்கயிறு வேளாங்கண்ணி கையில்.

மரியஜான் பாடினார்: "வழிவிடுங்கள், வழிவிடுங்கள், வருகிறார் ராசா!"

ஊரின் பெயரை விழுங்கிவிட்டார். திரை அசையவில்லை. ஆர்மோனியம் அதே அடியைச் சுற்றிச் சுற்றி வாசித்தது. அவர் மறுபடி பாடினார், மறுபடி விழுங்கினார். திரை அசையவில்லை. கூட்டத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆன்றோ மெல்ல, "அம்மா, போதும், திறங்க" என்றான். அவள் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

மரியஜான் திரையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, அவர் வாழ்நாளில் முதல் தடவையாகச் சுதியோடு பாடினார்:

"வழிவிடுங்கள், வழிவிடுங்கள், கொம்பன்துறை ராசா, நம்ம ஆன்றோ வருகிறார்!"

திரை விலகியது.

நாடகம் முடிந்து சனம் எழுந்தபோது, தொப்பியைக் கையில் பிடித்தபடி மரியஜான் அவளிடம் வந்தார். "வெலக்க எடுத்தாச்சு, வேளாங்கண்ணி. இனி எல்லாரும் ஒங்கிட்ட பேசலாம்."

அவள் கயிற்றைச் சுருட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"பாடிச் சொல்லுங்க, தலைவரே" என்றாள்.