கொஞ்சூண்டுதானே

‘கொஞ்சூண்டு’ என்ற சொல் காதில் விழுந்தாலே இருதயமேரிக்குப் பற்றிக்கொண்டு வரும். கையில் கத்தரிக்கோல் இருந்தால் எதிரே நிற்பவர் இரண்டு எட்டுப் பின்னால் போய்விடுவது உத்தமம். தலத்தெருவில் அவளிடம் துணி தைக்கக் கொடுக்கும் பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஒரு சொல்லுக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பெற்ற பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பதைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

மகள் பெயர் ழனின். ஒன்பது வயது. போட்டிருப்பது ஆறு வயதுச் சட்டை.

இருதயமேரிக்கு இதில் இன்னொரு கொடுமை உண்டு. கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு, அதாவது புது நன்மைப் பிள்ளைகளுக்கு, வெள்ளைக் கவுன் தைப்பதில் அவள் பேர் வாங்கியவள். ஊர்ப் பிள்ளைகளின் தோளும் உயரமும் வருஷா வருஷம் டேப்பில் ஏறிக்கொண்டே போகும். தன் மகளுக்குப் பிடித்தால் போன வருஷம் நின்ற இடத்திலேயே நிற்கும். வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வரும். கை கால் குச்சி, வாயெல்லாம் புண், நாளைக்கு நாலு தடவை பேதி.

“ஊர்ப் புள்ளைக்கெல்லாம் தச்சிக் குடுக்குறா, தன் புள்ளைக்குச் சோறு போட நேரமில்ல போலருக்கு” என்று அடுத்த தெருக்காரி ஒருத்தி ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்தபடியே சொன்னாள். அந்த ஜாக்கெட் இன்று வரை தைக்கப்படவில்லை.

டாக்டர்களாவது உருப்படியாக ஏதாவது சொன்னார்களா? ஒருவர் பூச்சி மாத்திரை கொடுத்தார். ஒருவர் ரத்தம் இல்லை என்று டானிக் எழுதினார். இன்னொருவர், “நல்லா சாப்பாடு குடுங்கம்மா, ரொட்டி, சப்பாத்தின்னு சத்தா குடுங்க” என்றார். சோறு செரிக்காமல்தான் இப்படி ஆகிறது என்று நினைத்து, இருதயமேரியும் இரவுச் சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்தி போட்டாள். காலையில் பாலில் நனைத்த ரொட்டி. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ள குடும்பம். காலையில் ரொட்டி இல்லாமல் அவள் புருஷன் பிரான்சுவாவுக்குப் பொழுது விடியாது. பிள்ளை இன்னும் மோசமானாள்.

பாரிஸில் இருக்கும் நாத்தனார் சேவெரின் வீடியோவில் பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் பதறினாள். “மேரி, எங்க பக்கத்து வீட்டுப் புள்ள இப்படித்தான் இருந்துச்சு. சீலியாக்னு வியாதி. கோதுமைல குளூட்டன்னு ஒண்ணு இருக்கு, அது அந்தப் புள்ள கொடலையே அரிச்சிடுச்சு. நாளைக்கே ரொட்டிய நிறுத்து.”

நிறுத்தினாள். ரொட்டி, சப்பாத்தி, சேமியா, பிஸ்கட், பரோட்டா எல்லாம் போயிற்று. ஒரே மாதத்தில் ழனினுக்குப் பேதி நின்றது. பசிக்கிறது என்று தானாக வந்து தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருதயமேரி அடுப்படியில் நின்று அழுதாள். சரி, முறையாக டெஸ்டும் எடுத்துவிடுவோம் என்று ரத்தம் கொடுத்தார்கள். ரிசல்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்தது.

“பாத்தியா?” என்றான் பிரான்சுவா. “எங்கக்கா சும்மா கெடக்காம எதையோ கொளுத்திப் போட்டா, நீயும் ஆடுற. கொஞ்சூண்டு ரொட்டில என்ன வந்துரும்?”

அன்று அவன் வாங்கி வந்த ரொட்டிப் பை வாசலுக்குப் பறந்தது.

பாண்டிச்சேரிக்குப் போனார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “டெஸ்ட்டுக்கு முன்னாடியே யாரும்மா கோதுமைய நிறுத்தச் சொன்னது? நிறுத்திட்டா ரத்தத்துல ஒண்ணும் தெரியாது. மறுபடி தினமும் குடுங்க. ஒன்றரை மாசம் கழிச்சு வாங்க.”

“மறுபடியுமா? இப்பத்தாங்க புள்ள தேறியிருக்கா!”

“இது சீலியாக்னா ஆயுசு முழுக்க ஒரு பருக்கை கோதுமை கூடாது. சும்மா சந்தேகத்துல ஆயுசு முழுக்க இருக்க முடியுமா? வேற வியாதியா இருந்தா அதக் கவனிக்காம விட்டுருவோம். குடுக்கும்போது ரொம்ப முடியாமப் போச்சுன்னா உடனே கூப்பிடுங்க.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது இருதயமேரிக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபப்படுவது? நல்லதற்குச் சொன்ன சேவெரின் மேலா? சொன்னதும் தலையாட்டிய தன் மேலா? ஆனால் ஒன்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கையில் ரிசல்ட் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்திலும் கல்யாண வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஆளாளுக்கு அந்தப் பிள்ளையின் வாயில் கொஞ்சூண்டு, கொஞ்சூண்டு என்று திணித்துக்கொண்டேதான் இருப்பார்கள். சொந்த அப்பனே முதல் ஆளாக நிற்பான்.

அதனால் கொடுத்தாள். தன் கையாலேயே கொடுத்தாள். முதல் வாரமே வயிறு உப்பியது. பிறகு பிள்ளை சப்பாத்தியைப் பார்த்தாலே உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

“வாயத் தொற.”

“வேணாம்மா, வலிக்கும்மா.”

“தொறடீன்னா தொற! எனக்கு மட்டும் ஆசையா?”

ஒரு நாள் கன்னத்தை அழுத்திப் பிடித்துத் திணித்தாள். அதற்குப் பிறகு ழனின் சண்டை போடவில்லை. தட்டைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். இருதயமேரிக்கு அவள் அழுததைவிட இதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து எடுத்ததில், ரத்தத்தில் தெரிந்தது. எண்டோஸ்கோபி செய்து குடலிலிருந்து துளிச் சதை எடுத்துப் பார்த்ததிலும் தெரிந்தது. சீலியாக்தான். பிரான்சுவா ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து அவன் ரொட்டி வாங்கி வருவதில்லை. வேலைக்குப் போகும் வழியிலேயே தின்றுவிட்டு, சட்டையை உதறிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறான். அதற்காகவெல்லாம் அவள் அவனை உடனே மன்னித்துவிட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம்.

அதோடும் தீர்ந்ததா? கோதுமையே இல்லாத வீட்டில் பிள்ளைக்கு மறுபடி வயிற்றுவலி. சோறும் ரசமும் தவிர வேறொன்றும் தின்னவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டால், “பெருங்காய டப்பாவப் படிச்சீங்களா?” என்கிறார். படித்தாள். பெருங்காயத்தோடு கோதுமை மாவு. பொடி எழுத்தில் போட்டிருந்தான் பாவி. இத்தனை நாளும் தன் கையாலேயே ரசத்தில் தட்டிப் போட்டிருக்கிறாள்! டப்பா வாய்க்காலுக்குப் போயிற்று. கூடவே அதைச் செய்தவனின் பரம்பரையும் போயிற்று.

அந்த வருஷம் புது நன்மைப் பட்டியலில் ழனின் பெயரும் இருந்தது. நற்கருணை அப்பம் கோதுமை. இருதயமேரி பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனாள்.

“ஃபாதர், அப்பம் வேணாம். திராட்ச ரசம் மட்டும் தனிக் கிண்ணத்துல குடுங்க. பெரிய கிண்ணத்துல அப்பத்துண்டு போடுவீங்க, அதுவும் ஆகாது. பாரிஸ்ல கோயில்லயே அப்படித்தான் குடுக்குறாங்களாம்.”

“ஆண்டவரோட உடம்பும்மா அது. அது எப்படிக் கெடுதல் பண்ணும்?”

“ஆண்டவர் பண்ண மாட்டாரு ஃபாதர். கோதுமை பண்ணும்.”

அவர் ரிசல்ட்டை இரண்டு முறை படித்தார். கடைசியில் சரி என்றார். பூசைக்கு எல்லாம் எடுத்து வைக்கும் கோயில்பிள்ளை மார்ட்டினிடம் தனிக் கிண்ணத்தை இருதயமேரியே விளக்கிக் கொடுத்தாள்.

மகளுக்கான கவுனை அவள் கடைசியாகத்தான் தைத்தாள். டேப்பைப் பிடித்தபோது உயரம் இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. மறுபடி பிடித்துப் பார்த்தாள். ஏறித்தான் இருந்தது.

புது நன்மை அன்று கோயில் நிறைந்திருந்தது. வெள்ளைக் கவுன்கள் வரிசையாக நின்றன, எல்லாம் இருதயமேரி தைத்தவை. முன் பெஞ்சில் பிரான்சுவா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தனிக் கிண்ணம் பீடத்தின் மேல் மூடியபடி இருந்தது. சாமியார் ஒவ்வொரு பிள்ளையாக அப்பம் கொடுத்துக்கொண்டு வந்தார். ழனினிடம் வந்ததும் ஒரு நொடி நின்றார். பீடத்துக்குப் போவார் என்று இருதயமேரி பார்த்தாள். அவர் போகவில்லை. தட்டிலிருந்த அப்பத்தின் ஓரத்தை நகக்கண் அளவு கிள்ளி எடுத்தார்.

“கிறிஸ்துவின் திருவுடல்.”

ழனின் கண்ணை மூடிக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

“வாய மூடு ழனின்!”

கோயிலே திரும்பிப் பார்த்தது. கீபோர்டு நின்றுவிட்டது. பிரான்சுவா அவள் முந்தானையை இழுக்கவில்லை. அவனும் எழுந்து நின்றான். இருதயமேரி அதற்குள் பீடத்துப் படிக்கே போய்விட்டாள்.

“கொஞ்சூண்டுதாம்மா…” என்றார் சாமியார் தணிந்த குரலில். “முதல் நன்மை, அப்பமே இல்லாம எப்படின்னு…”

“அந்தக் கொஞ்சூண்ட நிரூபிக்கத்தான் ஃபாதர் ஒன்றரை மாசம் என் புள்ளைக்கு என் கையால விஷம் ஊட்டுனேன். அதுலதான் இவ யாரு எதக் கொண்டுவந்தாலும் வாயத் தொறக்கக் கத்துக்கிட்டா. போதும். கிண்ணத்த எடுங்க.”

சாமியார் கிள்ளியதைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கிண்ணத்தின் பக்கம் கையை நீட்டினார்.

“கையக் கழுவிட்டு எடுங்க, ஃபாதர்.”

யாரோ பின்னால் ‘ஐயையோ’ என்றார்கள். மார்ட்டின் தண்ணீரும் துண்டும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். சாமியாரின் முகம் சிவந்திருந்தது, ஆனாலும் கழுவினார். துடைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து, சின்னக் கிண்ணத்தை ழனின் முன்னால் பிடித்தார்.

“கிறிஸ்துவின் திருஇரத்தம்.”

ழனின் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“இப்பத் தொற, தங்கம்” என்றாள் இருதயமேரி. “இது வலிக்காது.”