பிறக்கவிருந்த பிள்ளைக்கு ஒரு போர்வை

தங்கை கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி வந்த வாரமே நான் உல்லன் நூல் வாங்கிவிட்டேன். அவள் இருந்தது கனடாவில். நான் மதுரை செல்லூரில், பகலெல்லாம் விசைத்தறி ஓடும் ஒரு சந்தில், நான்கு வயது மகளோடும் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த மகனோடும் இருந்தேன். பிரசவம் அங்கே பனி கொட்டும் மாதத்தில் வரும் என்றார்கள். துணைக்கு நான் போக முடியாது. அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. தங்கையின் மாமியார்தான் திருமங்கலத்திலிருந்து போவதாக ஏற்பாடு. அவருடைய பெட்டியில் நான் பின்னிய போர்வை ஒன்று போய்ச் சேர வேண்டும், பிறந்த பிள்ளையை அதில்தான் சுற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவளைத் தொட முடியாத தொலைவில் இருந்துகொண்டு என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

பின்னல் எனக்கு மதுரை தந்ததல்ல. சமூகப்பணி முதுகலை படித்தபோது களப்பயிற்சிக்காகக் கொடைக்கானலில் தங்கினேன். அங்கே அறைத்தோழியிடம் கற்றுக்கொண்டது. டவுனில் நான் நூல் வாங்கும் கடையின் பாய் ஒவ்வொரு முறையும் சிரிப்பார். “மதுரையில இத வாங்குறது ஸ்கூல் புராஜெக்ட் செய்யிற பிள்ளைகளும் நீங்களும்தாம்மா.”

சிக்கல் நூலில் இல்லை. எங்கள் பக்கத்தில் பிறக்காத பிள்ளைக்கு எதுவும் வாங்கவோ தைக்கவோ மாட்டார்கள். பிறந்த பிறகு பழைய வேட்டியைக் கிழித்துத்தான் முதலில் சுற்றுவார்கள். புதுத்துணி பின்னால் வரும். கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் வேலை பார்த்த நாட்களில், இதெல்லாம் வெறும் பயம் என்று கர்ப்பிணிப் பெண்களின் கூட்டங்களில் நானே விளக்கியிருக்கிறேன். ஆனால் தங்கைக்கு முதல் கரு தங்கவில்லை. அதன் பிறகு அம்மா இந்த வழக்கத்தைப் பிடித்த பிடி வேறு மாதிரி ஆகிவிட்டது. மறுபடியும் ஏதேனும் நேர்ந்தால் என் நியாயங்கள் யாருக்கும் உதவாது. “அக்கா பின்னாம இருந்திருக்கலாமோ” என்று தங்கை ஒரு நொடி நினைத்தாலும் அந்த நினைப்பு வாழ்நாள் முழுக்க அவளோடு இருக்கும். அதனால் அவளிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

எழுமலையிலிருந்து வந்திருந்த அம்மா நூலுருண்டைகளைப் பார்த்துவிட்டு, “இது யாருக்குடி?” என்றாள்.

“சின்னவனுக்குத்தாம்மா, ஒரு போர்வை.”

“மதுர வெயிலுக்கு இவனுக்குக் கம்பளியா? பிள்ளைய அவிச்சு எடுக்கப் போறியா?”

“மார்கழிக்கு ஆகும்மா.”

அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று எண்ணினேன். என் மகள் அருகில் இருந்ததை நான் கணக்கில் கொள்ளவில்லை.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு வரிசையைப் பின்னி முடிப்பது எளிதல்ல. எஃகு ஊசிகளை விலக்கி மூங்கில் ஊசிகளுக்கு மாறினேன். குத்தினாலும் காயம் குறைவு. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜின் மேல் வைப்பேன். பள்ளி ஆட்டோ வரும் வரை வாசற்படியில் அரை வரிசை. சாதம் வேகிற நேரத்தில் மீதி. நான் கண்ணிகளை எண்ணத் தொடங்கினால் மகளும் உரக்க எண்ணுவாள். இருபத்தொன்பதுக்குப் பின் அவளுக்கு மறுபடி இருபதுதான் வரும். நானும் அவளோடு வழி தவறிப் பிரித்துப் பின்னுவேன். மகன் ஒரு நாள் ஊசியை உருவி எடுத்துக்கொண்டு ஓடினான். அன்றைய வேலை முழுவதும் போயிற்று. எரிச்சல் வரும். ஒரு மணி நேரம், யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம் கிடைக்காதா என்று ஏங்குவேன். கிடைத்தால் முதலில் தூங்கிவிடுவேன் என்பதும் தெரியும்.

மகள் தம்பியிடம் தினமும் சொல்லிவந்தாள்: “டேய், இது ஒனக்குடா. அம்மா ஒனக்குத்தான் பின்னுது.” அவன் நம்பினான். போர்வை கையளவு வளர்ந்தபோதே அதன் ஓரத்தைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு மின்விசிறிக்கடியில் தூங்கப் பழகிவிட்டான். அவன் தூங்கும்போது அவன் பிடியில் இல்லாத பக்கத்தில் நான் பின்னினேன்.

ஒரு ஞாயிறு வீடியோவில் தங்கை வந்தாள். அம்மா என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

“மடியில என்னக்கா அது?”

“சின்னவனுக்கு ஒரு போர்வைடி.”

“அந்தத் தடியனுக்கா? இங்க எம்புட்டுக் குளிருது தெரியுமா? பெரியம்மாவுக்கு எம்பிள்ள நெனப்பே இல்ல பாரு!” என்று சிரித்தாள்.

“அதெல்லாம் பெறந்த பெறகு பேசிக்கலாம்” என்றாள் அம்மா, வெடுக்கென்று. தங்கையின் சிரிப்பு நின்றது. நான் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். ‘உனக்குத்தான்டி’ என்ற சொல்லை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

அவளுடைய மாமியார் புறப்படுவதற்கு முன்பு எங்கள் வீட்டுக்கு வந்து சாமான்களை வாங்கிப்போவதாகச் சொல்லியிருந்தார். அம்மா சுக்கும் பூண்டும் பிரசவ லேகியமும் கட்டிவைத்தாள். தாய்க்கு அனுப்புவதற்குத் தடையில்லை. அதனடியில் போர்வையை ஒரு பழைய சேலைக்குள் மடித்து வைத்துவிட வேண்டும் என்பது என் திட்டம். அவர் வரும் நாள் காலையிலேயே அதைத் துவைத்து மாடிக் கொடியில் போட்டேன். மகன் அதன் கீழே நின்று கைகளை உயர்த்தியபடியே அழுதான். மத்தியானம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. காய்ந்ததை எடுத்து நான் மடிக்க, மகள் வந்து நின்றாள்.

“தம்பியோடது எங்கம்மா போகுது? நீதான அவனுக்குன்னு சொன்ன?”

இன்னும் வராத ஒரு பிள்ளைக்காக, கண்முன் நிற்கும் பிள்ளையிடமிருந்து அவன் பொருளைப் பறிக்கிறேன். நான் சொன்னது பொய் என்று இன்னொரு பிள்ளைக்குக் காட்டப்போகிறேன். எதை நிறுத்துப் பார்த்தாலும் தட்டு இந்தப் பிள்ளைகள் பக்கம்தான் தாழ்ந்தது. அதற்குள் அம்மா பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். “எதுக்குடி பிள்ளைய இம்புட்டு அழ விடுற? குடு அவன்ட்ட.”

கொடுத்தேன். அவன் விக்கலோடு அதில் முகத்தைப் புதைத்தான். சாயங்காலம் தங்கையின் மாமியார் சுக்கும் பூண்டும் லேகியமும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். “வேற எதுவும் இருக்காம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம் என்று தெரிந்த அந்த மணியிலேயே அம்மா சொன்னாள்: “இனி என்ன வேணாலும் பின்னு. யாரு வேணாம்னா?” யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூரியர் கூலி எங்களுக்குக் கட்டுபடியாகாது. கொண்டுபோகத்தான் யாரும் இல்லை.

சில நாள் கழித்துத் தங்கை பேசும்போது கேட்டேன்: “பாப்பா எம்புட்டு நீளம்டி இருக்கா?” கைபேசித் திரையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவுதான்.

“நம்ம ரெண்டு பேர் கையும் ஒண்ணுதானக்கா. வளையல் வாங்க ஒருத்திதான போவோம்? சாண் போட்டுக் காட்டுறேன், நீயும் போடு.”

தூங்கும் தன் மகளின் உச்சியிலிருந்து பாதம் வரை அவள் மெல்லச் சாண் போட்டுக்கொண்டே வந்தாள். இங்கே மெத்தை விரிப்பின் மேல் நானும் அவளோடு சேர்ந்து போட்டேன். அவள் கை நின்ற இடத்தில் என் கையும் நின்றது. அந்த நீளத்துக்கு நூலைப் பிடித்து ஒரு முடிச்சிட்டேன்.

“இவ வளந்திருவாளேக்கா” என்றாள்.

“வளரட்டும்டி. கூடுதலாப் பின்னுறேன்.”

எம்புட்டுக் கூடுதல் என்று அவள் கேட்கவில்லை. அவர்கள் எப்போது ஊருக்கு வருவார்கள் என்பதைப் பொறுத்தது அது. நானும் அதைக் கேட்கவில்லை.