கண்ணாடி போடாத படம்

2007 நவம்பர் 14, புதன்கிழமை, காலை 6 மணி 40 நிமிடம். வெளியே வெப்பநிலை ஒரு பாகை. மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தன. காற்று இல்லை. ஒஸ்லோவில் ஒரு மருத்துவமனையின் நான்காம் மாடியில் எங்கள் மருமகள் கண்ணை மூடினார். அவருக்கு நாற்பத்தொன்பது வயது, எனக்கு எழுபத்தெட்டு. முறைப்படி முதலில் போயிருக்க வேண்டியவன் நான்.

மருமகளின் பெயர் இந்த நினைவு மலரின் அட்டையில் இருக்கிறது. உள்ளே எங்கள் வழக்கப்படி உறவுமுறை சொல்லியே எழுதுகிறேன். இந்த முதலாம் ஆண்டு நினைவுக்குத் திதி பார்த்தபோது இரண்டு பஞ்சாங்கங்கள் இரண்டு நாள் சொல்லின. நான் ஒரு கிழமை இரண்டையும் வைத்து மனம் குழம்பினேன். கடைசியில் மகன் வந்து, "அப்பா, அவ போனது நவம்பர் பதினாலு. அதுக்கு மேலை என்ன கணக்கு?" என்றான். ஆகவே தேதியையே வைத்துக்கொண்டோம்.

கனடாவில், சுப்பீரியர் என்ற ஏரியின் வடகரையில், ஒஜிப்வே மக்களின் சிற்றூர் ஒன்றில் மருமகள் பிறந்தார். வெள்ளையர் அங்கு போய்ச் சேர்வதற்கு முன்பே அந்த ஏரியைச் சுற்றி வாழ்ந்த பூர்வீகக் குடிகள் அவர்கள். தகப்பனார் ரயில் பாதையில் வேலை பார்த்தவர். மருமகளின் ஒன்பதாவது வயதில் அவர் காலமானார். அதன்பின் தாயார் காட்டில் நீலப்பழம் பறித்து விற்றும், தோல் காலணிகளில் மணி கோத்துப் பூவேலை செய்தும் நான்கு பிள்ளைகளை ஆளாக்கினார். அந்த அம்மாவைச் சிறுவயதில் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளியொன்றில் சேர்த்திருந்தார்கள். அங்கே தாய்மொழி பேசினால் அடி விழும். அதனால் தன் பிள்ளைகளோடு அவர் அந்த மொழியைப் பேசவே இல்லை. மருமகள் இருபது வயதுக்குப் பிறகுதான் தன் ஊர்ப் பெரியவர்களிடம் போயிருந்து தன் மொழியைக் கற்றார்.

வின்னிபெக் நகரில் ஓவியம் படித்துத் தேறியபின், வட நோர்வேயின் பூர்வீகக் குடி ஓவியர்கள் நடத்திய பட்டறை ஒன்றுக்கு வந்தார். அதே ஊரில்தான் என் மகன் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தான். வேலை செய்யும் பெண்களின் கைகளைப் படம் கீறவென்று மருமகள் அங்கே நாள்தோறும் போயிருக்கிறார். ஏழாம் நாள் மகன், "என்ரை கையையும் கீறுவீரோ?" என்று கேட்டானாம். "உம்முடைய கை வேலை செய்தால் கீறலாம்" என்று பதில் வந்ததாம்.

கலியாணச் செய்தி யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது என் மனைவி மூன்று நாள் ஒருவரோடும் பேசவில்லை. நான் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞனாக இருந்தவன். உலகப்படத்தை விரித்து அந்த ஏரியைத் தேடினேன். முழு இலங்கையையும் தூக்கி அதற்குள் வைத்தாலும் சுற்றிவரத் தண்ணீர் மிஞ்சும். அதை மனைவியிடம் சொன்னேன். "தண்ணி இருந்தால் சரி, பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமோ?" என்று அவர் வாய் திறந்தார். மனைவி மருமகளைக் காணாமலே காலமாகிவிட்டார். இடம்பெயர்ந்து அலைந்து 1996இல் நான் தனியாக ஒஸ்லோ வந்து இறங்கியபோது, "மாமா, வாங்கோ. களைச்சுப் போனியள்" என்று மருமகள் தமிழில் கூப்பிட்டார். அந்த இரண்டு வாக்கியத்தை ஒரு மாதம் பாடமாக்கியதாகப் பிறகு மகன் சொன்னான்.

மருமகளின் முதல் ஆண்டுகள் கஷ்டமானவை. பள்ளிக்கூடங்களில் விக்கார் வேலை, அதாவது வராத ஆசிரியருக்குப் பதிலாகப் போய் நிற்கும் வேலை. காலை ஆறு மணிக்கு ரெலிபோன் அடித்தால் அன்று சம்பளம், அடிக்காவிட்டால் இல்லை. ஓவியம் விற்கவில்லை. நகரில் காட்சிக்கூடம் நடத்திய ஒருவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்தார். ஏரித் தண்ணீர் முழங்கால்வரை நிற்க, எங்கள் ரொம்சோஸ் சுரங்க ரயில் நிலையத்தின் வாங்கில் பெண்கள் ரயிலுக்குக் காத்திருக்கும் பெரிய ஓவியத்தின் முன்னால் நின்று, இதில் கழுகு, இறகு ஏதாவது சேர்க்க முடியாதா, ஆட்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்றார். அவர் போனபின் நான் மருமகளைப் பார்த்தேன். "இறகு வேணுமெண்டால் கோழிக்கடைக்குப் போகட்டும் மாமா" என்றார். அந்த ஓவியம் ஐந்து ஆண்டு என் கட்டிலுக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்திருந்தது. பின்னர் ஒரு நகரசபை அதையே வாங்கியது. அதன்பின் வட நோர்வேயில் ஒரு கண்காட்சி, 2004இல் ஒஸ்லோவில் தனிக் கண்காட்சி என்று அவருடைய பெயர் பரவியது. ஓர் உயர்நிலைப் பள்ளியில் நிரந்தர ஓவிய ஆசிரியையுமானார்.

அவருடைய கன்வஸ் சட்டங்களை அடித்துக் கொடுத்தவன் நான். மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்து, ஒரு மில்லிமீற்றர் பிழைத்தாலும் கழற்றி மறுபடி அடிப்பேன். "மாமா, நான் கீறப்போறது தண்ணி. அது கோணலாத்தான் நிக்கும்" என்று மருமகள் சிரிப்பார். ஒருமுறை, "இதுக்கு அளவுத்திட்டம் எங்கை?" என்று கேட்டேன். "நீங்கள் எவ்வளவு தூரத்திலை நிக்கிறியளோ, அதுதான்" என்றார். எனக்கு அந்தப் பதில் இன்னும் முழுதாக விளங்கவில்லை.

பேத்தியைத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்க வேண்டுமென்று பிடிவாதமாக நின்றவர் மருமகள்தான். மகனுக்குச் சனிக்கிழமை நித்திரை பெரிது. பேத்தியோடு தானும் போய்ப் பின் வாங்கில் இருந்து அரிவரி படித்தார். நிர்வாகத்தினர் ஓவிய வகுப்பைக் கேட்டபோது சம்பளமில்லாமல் ஏற்றுக்கொண்டார். முதல் நாள், "வீடு கீறுங்கோ" என்றார். இருபத்திரண்டு பிள்ளைகளில் பத்தொன்பது பேர் தென்னைமரத்தோடு வீடு கீறினார்கள். "இந்த வீட்டிலை ஆர் இருக்கினம்?" என்று மருமகள் கேட்க, ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை எல்லாரையும் பஸ் தரிப்புக்குக் கூட்டிப்போய்க் கண்ணால் கண்டதைக் கீற வைத்தார். ஒரு தகப்பன் வந்து முறையிட்டார்.

"ரீச்சர், கலைவிழாவிலை பஸ் தரிப்பை மாட்டினால் சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அண்ணை. அந்த பஸ்ஸிலை ஏறித்தானே வருவினம்."

கலைவிழாவில் அந்தத் தகப்பன்தான் தன் மகன் கீறிய பஸ்ஸின் முன்னால் நின்று நான்கு முறை படம் எடுத்தார்.

2007 வைகாசியில் புற்றுநோய் என்று தெரியவந்தது. தாயாருக்குச் சிறுநீரக நோய், கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும், ஊரைவிட்டு வரமுடியாது. மருமகளுக்கும் பயணம் செய்யச் சக்தி இல்லை. "நான் வராட்டில் என்ரை முகம் வரும்" என்று தாயாருக்கு ரெலிபோனில் சொல்லிவிட்டு, கண்ணாடி பார்த்துத் தன்னைத் தானே கீறத் தொடங்கினார். அதுவரை தன் முகத்தைக் கீறியதில்லை. மருந்தால் தலைமயிர் முழுதும் உதிர்ந்திருந்தது. அப்படியே கீறினார்.

"மயிரோடை கீறியிருக்கலாமே, பிள்ளை" என்றேன்.

"அம்மாவுக்குப் பொய் அனுப்பேலாது மாமா."

நெற்றிக்கு மட்டும் பத்து நாள் எடுத்தார். முகத்தில் கஷ்டமான இடம் அதுதான், அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்றார். புரட்டாதியில் ஓவியம் முடிந்தது. எண்ணெய் வர்ணம் நன்றாகக் காய ஓராண்டு வரை செல்லும், அதன்பின்தான் வார்னிஷ் பூசி அனுப்பவேண்டும் என்று மகனிடம் சொல்லி வைத்தார். தன் கடைசிக் காரியங்களைப் பற்றியும் சொன்னார். "உங்கடை முறையும் செய்யுங்கோ, எங்கடை முறையும் செய்யுங்கோ. ரெண்டு பக்கத்திலையும் ஆக்கள் பாத்துக்கொண்டு நிப்பினம்."

அந்தியேட்டிக்கு, முப்பத்தோராம் நாள், வீட்டில் வைக்கப் படம் தேவைப்பட்டது. மருமகள் தன்னைப் புகைப்படம் எடுக்க விடாதவர். இருந்தவை எல்லாம் தூரத்தில் நின்றவை. மகன் அந்த ஓவியத்தையே கதிரையில் நிறுத்தி முன்னால் விளக்கு வைத்தான். நான் மாலையைக் கதிரையின் முதுகில் போடச் சொல்லிவிட்டு ஐயரைக் கூட்டிவரக் கீழே போனேன்.

என் தங்கை நோர்வேயின் மழை நகரான பேர்கனிலிருந்து வந்திருந்தார். அங்கே ஒரு மருத்துவமனைச் சமையலறையில் பதினெட்டு ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். மருமகளோடு அவருக்கிருந்த ஒட்டு எங்கள் ஒருவருக்கும் இல்லை. இரண்டு பேரும் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுச் சிரிப்பார்கள். தங்கை சந்தனக் கும்பாவோடு வந்து, படங்களுக்கு வைப்பதுபோலச் சந்தனத்தைத் தொட்டு ஓவியத்தின் நெற்றியில் வைத்து, அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது பேத்தி கத்திக்கொண்டிருந்தாள்.

"பேர்கன் அப்பம்மா, இதிலை கண்ணாடி இல்லை!"

"கண்ணாடி போடாமல் ஆரடி படம் வைக்கிறது?"

"இது போட்டோ இல்லை! அம்மா கீறினது!"

தங்கை தன் விரலைப் பார்த்தார். விரலில் குங்குமத்தோடு தோல் நிறத்தில் சிறிது வர்ணமும் ஒட்டியிருந்தது. "சுமங்கலியாப் போனவள், அண்ணை" என்றார் என்னிடம். "வெறும் நெத்தியோடை சனத்துக்கு முன்னாலை இருக்க விடலாமோ?" பேத்தி ஈரத்துணியோடு ஓடிவந்தாள். மகன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான். ஐயர் வாசலில் நின்றார். கிரியை நடந்தது.

தை மாதம், ஓவியங்களைப் பழுதுபார்க்கும் ஒரு நோர்வேஜிய அம்மையாரிடம் கொண்டுபோனோம். விளக்கு வைத்து நெடுநேரம் பார்த்தார். வர்ணம் இளமையாக இருந்ததால் சிவப்பு உள்ளே இறங்கிவிட்டது, எடுக்கலாம், ஆனால் நெற்றியின் வர்ணமும் சேர்ந்து வரும், அந்த இடத்தை இன்னொருவர் கீறி நிரப்பவேண்டும் என்றார். எடுத்தே ஆகவேண்டும் என்றேன் நான். தாய்க்கு வாக்குக் கொடுத்த முகம் அப்படியே போய்ச் சேரவேண்டும் அல்லவா? மகன் மறுத்தான். "இன்னொரு ஆளின்ரை கை அதிலை பட்டால் அது அவவின்ரை முகமோ அப்பா?" மூன்று மாதம் இதுவே எங்கள் வீட்டுப் பேச்சு. தாயாருக்குச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. படம் காய்கிறது என்று சொல்லி வைத்தோம். பேர்கனில் தங்கை கலியாணம், சாமத்தியவீடு எதற்கும் போவதை நிறுத்திவிட்டார். "என்ரை கையாலை இனி ஒரு நல்ல காரியத்துக்கும் தட்டுத் தூக்க மாட்டன்" என்று சொல்லி ரெலிபோனை வைத்துவிடுவார்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்களைக் கேளாமலே பேத்தி கனடாவுக்கு எடுத்து, நாங்கள் கேட்கும்படி ரெலிபோனை மேசையில் வைத்து, முழுவதையும் சொன்னாள். பிறகு சம்பந்தியம்மா ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

"வைத்தது யார்?"

"அப்பாவின்ரை மாமி" என்று பேத்தி சொல்லிவிட்டு, அதை ஆங்கிலத்தில் விளக்கினாள். சுமங்கலி என்பதையும் விளக்க முயன்றாள்.

"உன் அம்மாவில் கோபத்தில் வைத்தாரா?"

"இல்லை, அம்மம்மா. அவவிலை சரியான விருப்பம்."

"என்னை அந்தப் பள்ளிக்குக் கொண்டுபோன முதல் நாள் தலைமயிரை வெட்டினார்கள். பிறகு தும்புத் தூரிகையால் முகத்தைத் தேய்த்துக் கழுவினார்கள். எங்களில் ஒட்டியிருந்த எல்லாவற்றையும் கழுவினார்கள்." மூச்சு வாங்கினார். "என் பிள்ளையின் முகத்தை ஒருவரும் கழுவவேண்டாம். தங்கள் வீட்டுப் பெண் என்று ஒருத்தி வைத்த அடையாளம் அது. இருக்கட்டும். வைத்தவரே கொண்டுவரட்டும்."

நான் தங்கைக்குச் சொன்னேன்.

"எனக்கு இங்கிலிசும் தெரியாது, அந்த ஊர்க் குளிரும் தெரியாது."

"ஆடி மாதம் குளிராது. மழைதான் பெய்யும்."

"மழையோ?"

"பேர்கனிலை இருந்துகொண்டு மழைக்குப் பயப்படுறியோ?"

சிரித்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

பெட்டியை நானே வரைந்து, நானே அறுத்து அடித்தேன். இந்த ஆண்டு ஆடி மாதம் மகன், பேத்தி, தங்கை, நான் என்று நால்வரும் புறப்பட்டோம். ரொரன்ரோ, பிறகு தண்டர் பே, பிறகு மூன்று மணிநேரம் கார். வழி முழுவதும் தங்கை பெட்டியில் ஒரு கை வைத்தபடியே இருந்தார். சம்பந்தியம்மாவின் வீட்டு அடுக்களையில் பெட்டியைத் திறந்தோம். அவர் முதலில் மயிரில்லாத தலையைப் பார்த்தார். பிறகு கண்களை. கடைசியாக நெற்றியை. பின்பு தங்கையைப் பார்த்துத் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, எந்த விரல் என்று சைகையால் கேட்டார். தங்கை மோதிர விரலைக் காட்டினார். "மீக்வெச்" என்றார் சம்பந்தியம்மா. அது அவர்கள் மொழியில் நன்றி. அந்த விரலைப் பிடித்தவர், தேநீர் ஆறும்வரை விடவில்லை. தங்கை தமிழிலும் அவர் தன் மொழியிலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிறுவயதில் அடித்து நிறுத்திய மொழியை அம்மா பேசி இன்றுதான் கேட்கிறேன் என்று மருமகளின் தம்பி என்னிடம் சொன்னார்.

மருமகளின் கடைசி மாதங்களில் தம் பிள்ளைபோலப் பார்த்த தாதியருக்கும், அவருடைய வகுப்புகளைத் தம் தலையில் ஏற்ற ஆசிரியர்களுக்கும், முப்பத்தொரு நாளும் எங்கள் கதவடியில் சாப்பாடு வைத்த மேல்மாடிப் பாகிஸ்தானியக் குடும்பத்துக்கும், பிள்ளைகளின் படங்களோடு செத்தவீட்டுக்கு வந்த தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்கும், பார்த்ததற்குக் கூலி வாங்காத அந்த நோர்வேஜிய அம்மையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் என்னை மன்னிக்கவேண்டும். பட்டியலை மூன்று முறை சரிபார்த்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

பயணச் செலவில் பாதியைத் தருவதாக மகன் சொன்னான். தங்கையும் தன் ஓய்வூதியத்திலிருந்து கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்கவில்லை. மருமகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போவது மாமன் வீட்டுச் செலவு. நால்வருக்கும் விமானச் சீட்டு, பெட்டிக்குப் பலகை, காப்புறுதி, கார் வாடகை, சம்பந்தியம்மாவுக்கு ஒரு கம்பளிப் போர்வை, எல்லாமாக நாற்பத்தேழாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு குரோனர்.